டிஸ்க் விலகினால் வேலையை விட வேண்டுமா?

இடுப்பு வலிக்கு ஸ்கேன் எடுத்து, அறிக்கையைக் கையில் வாங்கியவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "இனி வேலைக்குப் போக முடியுமா?" என்பதாகவே இருக்கும். நாமக்கல் லாரி ஓட்டுநருக்கும், தியாகராய நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கும், பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கும் அந்தப் பயம் ஒன்றுதான். வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் "குனியாதே, தூக்காதே, படுத்தே இரு" என்று சொல்லிச் சொல்லிப் பயத்தை வளர்த்துவிடுவார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களால் வேலைக்குப் போக முடியும். உடம்பு இடம் கொடுத்ததும் சீக்கிரமாகப் போவது நல்லதும்கூட. ஆனால் வலி வருவதற்கு முந்தைய நாள் எப்படி வேலை செய்தோமோ அதே மாதிரி செய்யக் கூடாது. முதுகுக்குச் சிகிச்சை எடுக்கும்போதே வேலைக்கும் சிகிச்சை எடுக்க வேண்டும். இதை டாக்டரும் முழுதாகச் சொல்வதில்லை, முதலாளியும் கேட்பதில்லை. நாமே தெரிந்துகொண்டு கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு மட்டும் வந்த வலி இல்லை இது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2020-ல் உலகெங்கும் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. 2050-க்குள் அது 84.3 கோடி ஆகும் என்று மதிப்பிடுகிறார்கள். மனிதர்களை முடக்கிப்போடும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

கீழ் முதுகில் ஐந்து எலும்புகள். எல்1 முதல் எல்5 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இடுப்புக் கூட்டோடு சேர்ந்த எலும்பின் மேல்பகுதிக்கு எஸ்1 என்று பெயர். இரண்டு எலும்புக்கு நடுவே இருப்பதுதான் டிஸ்க். ஊரில் ஜவ்வு என்போம். முற்றாத நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள்: சுற்றிலும் உறுதியான நார், நடுவில் நீர் நிறைந்த கூழ். நார் பல அடுக்காக, ஒன்றுக்கொன்று குறுக்காகப் பின்னியிருக்கிறது. வயது ஏற ஏற, புகைபிடிக்கப் பிடிக்க, சுமை ஒரே இடத்தில் விழ விழ நாரில் கீறல் விழும். ஒருநாள் தும்மும்போதோ, குழாயடியில் குடத்தைத் தூக்கும்போதோ கூழ் அந்தக் கீறல் வழியே பின்பக்கமாகப் பிதுங்குகிறது. பின்பக்கத்தில்தான் காலுக்குப் போகும் நரம்பு இருக்கிறது.

பிதுங்கல்களில் மிகப் பெரும்பாலானவை எல்4–எல்5, எல்5–எஸ்1 என்ற கடைசி இரண்டு இடங்களில்தான் நடக்கின்றன. உடம்பின் மேல்பாரம் முழுக்க இறங்கும் இடமும், நாம் அதிகம் மடங்கும் இடமும் அவைதான். நரம்பு வலிப்பதற்கு அழுத்தம் மட்டும் காரணமில்லை. வெளியே வந்த கூழில் உள்ள ரசாயனங்கள் நரம்பைச் சுற்றி அழற்சியை உண்டாக்குகின்றன. சிறு பிதுங்கலில் ஒருவர் துடிப்பதும், பெரிய பிதுங்கலோடு இன்னொருவர் சைக்கிள் ஓட்டிப் போவதும் இதனால்தான்.

டிஸ்க் மேலும் கீழுமுள்ள எலும்புகளோடு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது. அது சோப்புக் கட்டி மாதிரி வழுக்கிப் போவதில்லை. ஆகவே முதுகில் ஏறி மிதித்தோ, தட்டியோ அதை "உள்ளே தள்ள" யாராலும் முடியாது. அந்த வாக்குறுதியோடு வருகிறவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு விஷயம் காலை நேரத்தைப் பற்றியது. டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய்கள் போவதில்லை. அக்கம்பக்கத்து எலும்பிலிருந்து ஊறி வருவதுதான் அதன் சாப்பாடு. இரவில் படுத்திருக்கும்போது அது நீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் ஏறக்குறைய ஒரு சதவீதம் உயரமாக எழுகிறோம். எழுந்து நடமாடிய முதல் ஒரு மணி நேரத்தில் அந்த உயரத்தில் பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது. உப்பியிருக்கும் அந்த நேரத்தில் குனிந்தால் டிஸ்க் மீது விழும் இழுவை அதிகம். 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், காலையில் எழுந்ததும் குனிவதைத் தவிர்க்கச் சொல்லிக் கொடுத்ததே நாள்பட்ட வலியைக் குறைத்தது. எழுந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போடுவது, தண்ணீர் பிடித்துத் தூக்குவது, ஷிஃப்டுக்குப் போன கையோடு முதல் லோடை இறக்குவது: வலி இருக்கும் காலத்தில் இவற்றை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள், அல்லது வீட்டில் வேறொருவரிடம் ஒப்படையுங்கள். செலவில்லாத மருத்துவம் இது.

காத்திருக்கக் கூடாத வலி

சில அறிகுறிகள் வந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். சிறுநீர் வரவில்லை, அல்லது தெரியாமலே போகிறது. மலம் அடக்க முடியவில்லை. சைக்கிள் சீட்டில் படும் இடமெல்லாம் மரத்துப்போயிருக்கிறது. இரண்டு காலிலும் வலு குறைகிறது. தண்டுவடத்தின் கடைசியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளம் இது. மணிக்கணக்கு முக்கியம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவைக் கழிக்காதீர்கள்.

நடக்கும்போது பாதம் தொங்கி, செருப்பு தரையில் உரசினால் அதுவும் அவசரம். மாலையில் காய்ச்சல், உடல் மெலிவு, ராத்திரி படுத்தாலும் குறையாத வலி என்றால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். நம் நாட்டில் அது அரிதில்லை. முன்பு புற்றுநோய் வந்தவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்கள், உயரத்திலிருந்து விழுந்தவர்கள் ஆகியோரும் வலியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு குழப்பமும் இங்கே அடிக்கடி நடக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு இரண்டு பாதமும் எரிகிறது, மரக்கிறது. அவருக்கு ஸ்கேனில் ஒரு டிஸ்க் புடைப்பும் தெரிகிறது. பழி டிஸ்க் மேல் விழுந்துவிடுகிறது. டிஸ்க் வலி பெரும்பாலும் ஒரு காலில், ஒரு கோடாக இறங்கும். இரு பாதத்திலும் சாக்ஸ் போட்ட இடம் மாதிரி எரிச்சல் என்றால் முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள்.

எந்த நரம்பு என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். குதிகாலை ஊன்றிப் பத்தடி நடந்து பாருங்கள். முன்பாதம் தூக்க முடியாமல் விழுந்தால் எல்5 நரம்பில் பாதிப்பு இருக்கலாம். பெருவிரலும் பாதத்தின் மேல்பக்கமும் மரத்துப்போவது அதே நரம்பின் வேலை. நுனிக்காலில் நிற்க முடியவில்லை, சுண்டுவிரல் பக்கமும் உள்ளங்காலும் மரக்கிறது என்றால் எஸ்1. இருமினால், தும்மினால் காலில் சுரீரென்று இழுப்பது டிஸ்க் வலியின் நன்கு தெரிந்த குணம். டாக்டர் உங்களைப் படுக்கவைத்துக் காலை நீட்டியபடியே மேலே தூக்கிப் பார்ப்பார். 30 முதல் 70 டிகிரிக்குள் வலி காலில் ஓடினால் நரம்பு உரசப்படுகிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தால், "ஒருமுறை காலைத் தூக்கிப் பாருங்க சார்" என்று கேட்பதில் தவறே இல்லை.

அறிக்கையைப் படிக்கும் முன்

1994-ல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மேல், 52 சதவீதம் பேருக்கு, ஓர் இடத்திலாவது டிஸ்க் புடைத்திருந்தது. 27 சதவீதம் பேருக்குப் பிதுங்கியே இருந்தது. பிறகு 2015-ல் இப்படிப்பட்ட பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வலியில்லாத 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. தலைமுடி நரைப்பதைப் போல முதுகிலும் வயது எழுதுகிறது, அவ்வளவுதான்.

அதனால் ஸ்கேன் வீண் என்று சொல்லவில்லை. மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருந்தால், அல்லது ஆறு வாரம் ஆகியும் கால் வலி குறையாமல் அறுவை சிகிச்சையையோ ஊசியையோ யோசிக்கும் கட்டம் வந்தால், ஸ்கேன் அவசியம். முதல் வாரத்திலேயே ஓடிப்போய் எடுப்பதால் கிடைப்பது பெரும்பாலும் பயம்தான். அந்தப் பயத்தால் வேலையை விட்டவர்கள் இருக்கிறார்கள். அதை நினைத்தால் மனசு பதறுகிறது.

நம்பிக்கை தரும் செய்தி ஒன்று ஏனோ பரவலாகப் போய்ச் சேரவில்லை. பிதுங்கிய கூழ் பெரும்பாலும் தானாகவே கரைகிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாகக் கண்டுகொண்டு, அணுக்களை அனுப்பித் தின்று தீர்க்கிறது. 2017-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு இப்படிக் கரைந்தது அல்லது சுருங்கியது. படத்தில் பார்த்தால் அதிகம் பயமுறுத்துவதே நன்றாகக் கரைகிறது என்பது இன்னும் ஆறுதல். 2015-ல் வந்த மற்றொரு தொகுப்பில், துண்டாகப் பிரிந்து வெளியே விழுந்தவற்றில் 96 சதவீதம் சுருங்கின. வெறும் புடைப்பாக இருந்தவற்றில் 13 சதவீதம்தான். வலியை அறிக்கையில் உள்ள சொற்களின் கடுமையை வைத்து அளக்காதீர்கள்.

முதல் ஆறு வாரம்

முன்பெல்லாம் பலகைக் கட்டிலில் மூன்று வாரம் படுக்கச் சொல்வார்கள். அந்த அறிவுரையை வலுவாக அசைத்தது வேலைக்குப் போகிறவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு. பின்லாந்தின் ஹெல்சிங்கி மாநகர ஊழியர்களில் திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்ட 186 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு. இன்னொரு குழுவுக்கு முதுகுப் பயிற்சி. மூன்றாவது குழுவிடம், வலி விடும் அளவுக்கு அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். 1995-ல் முடிவு வெளிவந்தது. வேகமாகத் தேறியவர்கள் மூன்றாவது குழுவினர். படுத்தவர்கள்தான் கடைசி.

கால் வரைக்கும் ஓடும் வலி வேறு. அது இன்னும் கடுமையாக இருக்கும், முதல் சில நாள் உட்காரவே முடியாமல் போகும். படுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் படுங்கள். ஆனால் மணிக்கொருமுறை எழுந்து வீட்டுக்குள்ளேயே இரண்டு நடை நடங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் வலி நன்றாகக் குறைந்துவிடும்.

பயிற்சிக்கு ஒரு நல்ல அளவுகோல் உண்டு. 1950-களில் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்ட் கவனித்துச் சொன்னது. ஓர் அசைவைச் செய்யும்போது வலி பாதத்திலிருந்து விலகி, முழங்காலுக்கு ஏறி, தொடைக்கு ஏறி, கடைசியில் இடுப்பில் மட்டும் நின்றால் அது உங்களுக்குப் பொருத்தமான அசைவு. இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் பயமில்லை. மாறாக, வலி காலின் கீழே கீழே இறங்கினால் உடனே நிறுத்த வேண்டும். பலருக்குக் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்குவது ஒத்துவரும். எல்லாருக்கும் ஒத்துவராது. அதனால் முதல் சில நாள் ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்திலிருந்து பார்ப்பது நல்லது. யூடியூப் பார்த்து முன்புறம் வளைந்து காலைத் தொடும் ஆசனத்தை இந்தக் காலத்தில் முயலாதீர்கள்.

மருந்துக் கடையில் "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்று வாங்கிப் போடும் வழக்கத்தைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் கொஞ்ச நாளைக்கு உதவும். ஆனால் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதய நோய் உள்ளவர்களுக்கு அவை ஆபத்து. மாதக்கணக்கில் தினம் ஒன்று போட்டுக்கொண்டு லோடு தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வலியை அமுக்கிவிட்டு முதுகின் எச்சரிக்கையைக் கேட்காமல் செய்கிறார்கள், கூடவே சிறுநீரகத்தையும் பணயம் வைக்கிறார்கள். பாரசிட்டமால் பாதுகாப்பானதுதான். ஆனால் 2014-ல் ஆஸ்திரேலியாவில் 1,650 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வில், புதிதாக வந்த இடுப்பு வலியில் அது மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிடச் சீக்கிரம் குணமாக்கவில்லை. நரம்பு வலி என்றாலே எழுதிக்கொடுக்கப்படும் பிரிகேபலினும் 2017-ல் வந்த ஆய்வில் காலில் இறங்கும் வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றலைத்தான் கூட்டியது. ஓட்டுநர்களே, மெஷின் ஓட்டுபவர்களே, உயரத்தில் ஏறி வேலை பார்ப்பவர்களே, மருந்துச் சீட்டில் அந்த மாத்திரையோ தசை தளர்த்தும் மாத்திரையோ இருந்தால் உங்கள் தொழில் என்ன என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பெல்ட், இழுவைச் சிகிச்சை இரண்டையும் நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. தைலம், ஒத்தடம் இதமாக இருந்தால் போடுங்கள். மெத்தையை மாற்றக் கடன் வாங்காதீர்கள்.

கத்தி எப்போது

பிதுங்கிய டிஸ்க்தான் காலில் இறங்கும் வலிக்குக் காரணம் என்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் 1934-ல் எழுதினார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் கத்திதான் முதல் பதிலாக இருந்தது. இன்று நிலைமை தெளிவு. சிறுநீர் நின்றால், பாதம் தொங்க ஆரம்பித்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. மற்றவர்களுக்கு அது ஒரு தேர்வு.

அந்தத் தேர்வை எப்படிச் செய்வது? ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கடும் கால் வலியில் இருந்த 283 பேரை வைத்து நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குச் சீக்கிரமே அறுவை சிகிச்சை. மீதிப் பேர் பொறுத்திருந்து பார்த்தார்கள், முடியாதவர்கள் பிறகு செய்துகொண்டார்கள். அப்படிப் பிறகு செய்துகொண்டவர்கள் 39 சதவீதம். ஒரு வருட முடிவில் இரண்டு குழுவிலும் 95 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். வித்தியாசம் வேகத்தில் இருந்தது. சீக்கிரம் செய்துகொண்டவர்கள் நடுவளவாக நான்கு வாரத்தில் தேறினார்கள், பொறுத்தவர்கள் பன்னிரண்டு வாரத்தில்.

எட்டு வாரச் சம்பளம் என்பது மாதச் சம்பளக்காரருக்கு வேறு, நாள்கூலிக்காரருக்கு வேறு. விடுப்பும் சேமிப்பும் உள்ளவர் பொறுத்திருக்கலாம். வட்டி ஏறிக்கொண்டிருக்கும் குடும்பத்தைத் தாங்குகிறவர் வேகத்தைத் தேர்ந்தெடுத்தால் அது அவசரபுத்தி ஆகாது. ஆனால் அறுவை சிகிச்சையின் பலன் காலில் இறங்கும் வலிக்குத்தான். இடுப்பில் மட்டும் வலி, கால் நன்றாக இருக்கிறது என்பவருக்கு டிஸ்க்கை வெட்ட யாராவது அவசரப்படுத்தினால், இன்னொரு டாக்டரையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வேலைக்குச் சிகிச்சை

உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களிடமிருந்து தொடங்கலாம். உட்கார்ந்தால் டிஸ்க்கில் அழுத்தம் எகிறும் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 1999-ல் ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒருவரின் எல்4–எல்5 டிஸ்க்குக்குள் அழுத்தமானி வைத்துப் பார்த்தபோது, தளர்வாக உட்கார்ந்திருந்தால் நிற்பதைவிட அதிகமாக இல்லை. ஒருவரிடம் எடுத்த அளவுதான். ஆனாலும் விலை உயர்ந்த நாற்காலியைவிட அசைவு முக்கியம் என்பதற்கு அது பக்கபலம். அரை மணிக்கொருமுறை எழுந்திருங்கள். போன் வந்தால் நின்று பேசுங்கள். தண்ணீர் பாட்டிலைப் பெரிதாக வைத்துக்கொள்ளாமல் சிறிய டம்ளரில் எழுந்துபோய்க் குடியுங்கள். கட்டிலில் சாய்ந்து மடியில் லேப்டாப் வைத்து எட்டு மணி நேரம் வேலை செய்வது டிஸ்க் வலிக்காரருக்கு மிக மோசமான ஏற்பாடு. சாப்பாட்டு மேசையும் சாதாரண நாற்காலியும் அதைவிட எவ்வளவோ மேல்.

ஓட்டுநர்களுக்கு உட்காருவதோடு அதிர்வும் சேர்கிறது. இருக்கையின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் போய்விட்ட வண்டியை ஓட்டுவது முதுகை வாடகைக்கு விடுவதுதான். சீட்டை முன்னே இழுத்து, கிளட்சை மிதிக்க இடுப்பு நழுவாதபடி வைத்துக்கொள்ளுங்கள். கீழ் முதுகுக்குப் பின்னால் சுருட்டிய துண்டு ஒன்று. பின்பாக்கெட்டில் பர்ஸ் வேண்டாம். முக்கியமானது இதுதான்: நான்கு மணி நேரம் ஓட்டிவிட்டுக் குதித்து இறங்கி அந்த நிமிடமே சரக்கைத் தூக்காதீர்கள். டீ குடித்து, வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு கையை வையுங்கள்.

சுமை தூக்குகிறவர்களின் கணக்கு நியாயமற்றது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-ல் திருத்திய சூத்திரத்தில், எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தால்கூட ஒருவர் தூக்கத்தக்க எடையின் உச்சம் 23 கிலோ. குனிய வேண்டும், எட்ட வேண்டும், திரும்ப வேண்டும், அடிக்கடி தூக்க வேண்டும் என்றால் அதிலும் குறைத்துக்கொண்டே போக வேண்டும். நம்மூர் சிமென்ட் மூட்டை 50 கிலோ. நிரம்பிய வீட்டு சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. அலுவலகத்தில் "தம்பி, அந்தத் தண்ணி கேனை மாட்டிடு" என்கிறோமே, அதுவே 20 கிலோ. தொழிற்சாலைச் சட்டம் 1948-ன் 34-வது பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய அளவு கனமான சுமையை யாரையும் தூக்கவைக்கக் கூடாது என்றது. கொஞ்சம் சிறிய மூட்டைகள், ஒரு தள்ளுவண்டி, லாரித் தளத்தின் உயரத்துக்கு ஒரு மேடை: இவை கிடைக்கும் இடத்தில் முதுகுகள் தப்பிக்கும்.

எப்படித் தூக்குவது? உல்ம் ஆய்விலேயே பதில் இருக்கிறது. 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது டிஸ்க்கின் அழுத்தம் 2.3 மெகாபாஸ்கல். முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. அதே எடையை உடம்போடு அணைத்துப் பிடித்தபோது 1.1. ஆக, சுமையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்வதுதான் பெரிய லாபம். தூக்கிய பிறகு இடுப்பைத் திருப்பாமல் பாதத்தை எடுத்துவைத்துத் திரும்புங்கள். நோயாளியைக் கட்டில் மாற்றும் செவிலியரும் அப்படியே. கட்டிலை உயர்த்தி, இருவர் சேர்ந்து, படுக்கைவிரிப்போடு இழுத்து நகர்த்துங்கள். தனியாக அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள்.

குனிந்தே செய்யும் வேலைகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கலிஃபோர்னியா நினைவுக்கு வரும். அங்கே கீரை, சர்க்கரை பீட்ரூட் வயல்களில் குட்டைக் கைப்பிடி மண்வெட்டியால்தான் களை எடுக்க வேண்டும் என்று பண்ணையாளர்கள் வற்புறுத்தி வந்தார்கள். நீளக் கைப்பிடி இருந்தால் பயிர் பாழாகும் என்றார்கள். நாள் முழுக்க இரண்டாக மடிந்து வேலை செய்த மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களின் முதுகுகள் இளம் வயதிலேயே போயின. ஏழைத் தொழிலாளர்களுக்காக வழக்காடும் வழக்கறிஞர்கள் மாநில உச்ச நீதிமன்றம் வரை போராடி, 1975-ல் அந்தக் கருவிக்குத் தடை வாங்கினார்கள். பயிர் பாழாகவில்லை. நம் தெருக்களில் குட்டைத் துடைப்பத்தோடு குனிந்து பெருக்கும் அக்காக்களுக்கு நீளக் கம்பு மாட்டிய துடைப்பம் வாங்கிக்கொடுக்க நீதிமன்றம் போக வேண்டியதில்லை. ஒரு மேற்பார்வையாளர் மனது வைத்தால் போதும். வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கும் நின்றபடி துடைக்கும் மாப் வாங்கி வையுங்கள்.

நிற்கும் வேலைக்குச் சட்டமே துணை இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் செய்த திருத்தப்படி ஒவ்வொரு கடையும் ஊழியர் எல்லாருக்கும் இருக்கை வைக்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காரலாம். கேரளம் 2018-லேயே இதைச் செய்தது. நின்றே ஆக வேண்டிய நேரத்தில், ஒரு காலை அரையடி உயரப் பலகையில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் இடுப்புக்கு இளைப்பாறல்.

வேலைத்தலத்தில் மனமும் கணக்கில் வரும். 1991-ல் வெளியான போயிங் விமானத் தொழிற்சாலை ஆய்வில் 3,020 ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். தம் வேலையில் அநேகமாக மகிழ்ச்சியே காணாதவர்கள் முதுகுக் காயம் என்று வந்தது மற்றவர்களைவிட 2.5 மடங்கு. அவர்கள் நடித்தார்கள் என்று அர்த்தமில்லை. கெடுபிடியும் பயமும் உள்ள இடத்தில் வலி பெரிதாகிறது, தேறுவது தாமதமாகிறது. வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

திரும்பிப் போகும் நாள்

முழு வலியும் போன பிறகுதான் போவேன் என்று காத்திருக்க வேண்டாம். உட்கார்ந்து எழ முடிகிறது, கால் வலு இருக்கிறது, வலி காலை விட்டு இடுப்பை நோக்கி மேலேறி வருகிறது என்றால் கிளம்பலாம். அதற்கு முன் டாக்டரிடம் ஒரு சீட்டு கேளுங்கள். "கடின வேலை கூடாது" என்று ஒரு வரியில் எழுதிக்கொடுத்தால் கம்பெனி உங்களை வீட்டுக்கே அனுப்பிவிடும். என்ன செய்யலாம் என்பதை எழுதச் சொல்லுங்கள்: இரண்டு வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம், அரை மணிக்கொருமுறை எழுந்து நடக்க அனுமதிக்கவும், முதல் வாரம் பாதி ஷிஃப்ட், பிறகு முழு ஷிஃப்ட். இப்படித் தேதியோடு இருந்தால் மேலாளருக்கும் திட்டமிட எளிது. பேசும்போதும் அதே தெளிவு வேண்டும்: "சார், நான் லீவு கேக்கல. ரெண்டு வாரத்துக்கு லோடு மட்டும் வேண்டாம். பில்லிங்ல போடுங்க, பார்த்துக்கிறேன்."

வேலை செய்யும்போது வலி வந்தது என்றால் அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுதவைத்து, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இஎஸ்ஐ அட்டை உள்ளவர்கள், அதாவது 2017 முதல் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்ற வரம்பில் வருபவர்கள், உரிய சந்தா நாட்கள் இருந்தால் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதத்தை வருடத்துக்கு 91 நாள் வரை பெறலாம். வேலையில் ஏற்பட்ட காயம் என்று ஏற்கப்பட்டால் அது 90 சதவீதம். பதிவேட்டில் எழுதாத காயத்துக்கு இதை வாங்குவது பெரும்பாடு. அட்டை இல்லாதவர்களுக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே வருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

தேறியவர்களில் பலருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி பிடித்துக்கொள்ளும். அதைத் தள்ளிப்போட ஆகக் குறைந்த செலவில் உள்ள வழி நடை. 2024-ல் ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் செய்த ஆய்வில், பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலோடு படிப்படியாக வாரம் ஐந்து முறை 30 நிமிட நடைக்கு முன்னேறியவர்களுக்கு அடுத்த வலி வர நடுவளவாக 208 நாள் ஆனது. நடைத் திட்டம் இல்லாதவர்களுக்கு 112 நாள். பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குங்கள், சாப்பாட்டு இடைவேளையில் கட்டடத்தைச் சுற்றுங்கள். மறுபடி பிடித்தால் முதல் இரண்டு நாள் சுமையை மட்டும் நிறுத்திவிட்டு, நடையை ஐந்தைந்து நிமிடமாக உடைத்துத் தொடருங்கள். காலையில் குனிவதைத் தள்ளிப்போடுங்கள், குதிகாலிலும் நுனிக்காலிலும் தினம் ஒருமுறை நடந்து வலுவைச் சோதியுங்கள். வலு குறைந்தால் அன்றே டாக்டர். குறையவில்லையென்றால் பழைய சீட்டையே நகலெடுத்து, தேதியை மட்டும் புதிதாக எழுதி வாங்கிக்கொண்டு மேலாளரைப் பாருங்கள்.